துளி சுற்றும் நேரம்

ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கக் கூடாது என்று எந்தச் சாத்திரத்திலும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்திருந்தால் சின்னவள் வெள்ள அறிவிப்பு வாரியத்தில் சேர்ந்திருக்கவே மாட்டாள்.

பெரியவள் அங்கே முன்பே தோற்றப் பிரிவில் இருந்தாள். வாரியத்தின் இணையப் பக்கம் எந்த நிறத்தில் இருக்க வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. சின்னவள் வரைபடப் பிரிவில் சேர்ந்தாள். ஆற்றங்கரை நெடுகப் பதித்திருக்கும் கருவிகள் அனுப்பும் அளவுகளை வாங்கி, எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று ஊர்ப் படத்தின் மேல் நீலநீலமாக வரைந்து காட்டும் நிரலை எழுதுவது அவள் வேலை. மழைக்காலத்தில் ஊரே அந்தப் படத்தைத்தான் பார்க்கும். பார்க்க முயலும் என்று சொல்வது இன்னும் பொருத்தம்.

படம் வரும்வரை பக்கத்தின் நடுவில் ஒரு நீர்த்துளி சுற்றும். பெரியவள் வடிவமைத்த துளி அது. சுற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் கால் வட்டம் சுற்றிவிட்டு முரண்டு பிடித்த மாடு மாதிரி நின்றுவிடும். பிறகு எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அழுந்தாது. படத்தை இழுத்தால் நகராது. ஜனங்கள் கைபேசியைத் தட்டிப் பார்ப்பார்கள், குலுக்கிப் பார்ப்பார்கள், கடைசியில் ஜன்னலைத் திறந்து தெருவையே பார்த்துவிடுவார்கள்.

கோளாறு எங்கே என்று சின்னவளுக்குத் தெரிந்திருந்தது. உலாவி என்பது தனி ஆள் நடத்தும் கடை மாதிரி. வாசலில் வந்தவருக்குப் பதில் சொல்வதும் அவன்தான், உள்ளே போய்ப் பொட்டலம் கட்டுவதும் அவன்தான். அவளுடைய படமோ கனமான படம். அதை வரைய உட்கார்ந்துவிட்டால் வாசலில் யார் கூப்பிட்டாலும் அவன் தலை நிமிர மாட்டான். துளியைச் சுற்றவும் அவனுக்குக் கை ஒழியாது.

இதற்கு வழியும் இருந்தது. உலாவிக்குள் பின்னணியில் இன்னோர் இழையை ஓடவிடலாம். வரைகிற பலகையை அதன் கையில் ஒப்படைத்துவிட்டால் அது பாட்டுக்கு உள்ளே வரைந்துகொண்டிருக்கும், முன்னால் இருப்பவன் வாசலைக் கவனித்துக்கொள்வான். ஒரே ஒரு நிபந்தனை. ஒப்படைத்த பலகையைத் திரும்ப வாங்க முடியாது. அதில் ஒரு புள்ளி வைக்கக்கூட முன்னால் இருப்பவனுக்கு உரிமை கிடையாது. இது வேண்டும், அது வேண்டும் என்று உள்ளே செய்தி சொல்லி அனுப்பலாம், அவ்வளவுதான்.

சின்னவள் கோடை முழுவதும் உட்கார்ந்து அதைச் செய்து முடித்தாள். கையோடு கையாகப் பழைய சிக்கல்களையும் அவிழ்த்தாள். படம் இப்போது கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. பெருமையோடு ஒரு குறிப்பு எழுதி அனுமதிக்கு அனுப்பினாள். அங்கேதான் சனி பிடித்தது.

அனுமதிக் கூட்டத்தில் இயக்குநர் குறிப்பை மேசைமேல் வைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

“பின்னணியில வரையப்போறீங்களாமே. நம்ம வாரியத்துல பின்னணின்னு ஒண்ணு கிடையாதும்மா. எல்லாமே வெளிப்படை. போன வருஷம் ஆத்துல தண்ணி வந்தப்ப எச்சரிக்கை தாமதமாச்சு. அதைக்கூட நாம வெளிப்படையாத்தான் தாமதமாக்கினோம்.”

சுற்றியிருந்தவர்கள் ஆமோதித்தார்கள். நிர்வாக அதிகாரிக்கு வேறு கவலை.

“வரையறது யாருன்னு போட்டிருக்கு? ‘பின்னணிப் பணியாளர்’. இவரு நிரந்தரமா, ஒப்பந்தமா?”

“அது ஆள் இல்லீங்க சார். நிரலோட ஒரு இழை. அதுக்கு அந்தத் துறையில அப்படித்தான் பேரு.”

“ஆள் இல்லாம பணியாளர்னு எப்படிம்மா எழுதுவே?”

“அந்த வார்த்தையை எடுத்துடறேன் சார்.”

“கோப்புல ஏறின பணியாளரை எடுக்க முடியாது. பணிநீக்கம்னா அதுக்குத் தனி நடைமுறை இருக்கு. இவரு இன்னும் வேலையிலயே சேரலை, அதுக்குள்ள எப்படி நீக்குறது?”

கடைசியில், முறைப்படி ஓர் இருக்கை ஒதுக்கினால் போதும் என்று முடிவாயிற்று. அலுவலகத்தின் பின்கட்டில் பழைய அச்சு இயந்திரங்கள் கிடந்த அறையைக் காலி செய்து, ஒரு நாற்காலியும் மேசையும் போட்டு, மேலே ஒரு மின்விசிறியையும் ஓடவிட்டார்கள். அதைப் பார்த்தபோது சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலே மின்விசிறி கிடையாது. சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆளில்லாத நாற்காலியை அப்படியே விட்டுவிட முடியாது என்பதால் அதற்கு ஒரு மேற்பார்வையாளரும் வந்தார். ஓய்வு பெறச் சில காலமே இருந்த, யாரையும் நோகடிக்காத மனிதர். தினமும் அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் போகும்போது விசிறியை நிறுத்திவிட்டுப் போவார்.

இத்தனைக்கும் பிறகு அனுமதி கிடைத்தது. முதல் தூறல் விழுந்த அன்று புதிய பக்கத்தை வெளியிட்டார்கள். பொத்தான் அழுந்தியது. படம் நகர்ந்தது. ஊரெல்லாம் நல்ல பேச்சு.

பேச்சு முழுக்கத் துளியைப் பற்றி.

முன்னால் இருந்தவனுக்குக் கை ஒழிந்துவிட்டதால் துளி இப்போது வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வழுக்கிக்கொண்டு சுற்றியது. படம் வருவதற்கு முன்னால் ஒரு கணம்தான் தெரியும். ஆனால் அந்த ஒரு கணத்தை ஜனங்கள் மறக்கவில்லை. முன்பு நின்றுபோனது இப்போது சுற்றுகிறது, அப்படியானால் சரிசெய்தது துளியைத்தானே என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. பத்திரிகையில் துளியின் படத்தைப் போட்டு, அதன் பக்கத்தில் பெரியவளின் படத்தையும் போட்டார்கள். மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. இயக்குநர் தன் அறை வாசலில் துளியைச் சுவரளவுக்கு வரைந்து மாட்டினார்.

வீட்டில் மாமியார் பத்திரிகையை எடுத்துவைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினாள்.

“எங்க பெரியவளோட சொட்டு. எப்படிச் சுத்துது பாருங்க.”

“பத்திரிகையில சுத்தாது அத்தை” என்றாள் சின்னவள்.

“உனக்குச் சுத்தலைன்னா எல்லாருக்குமா சுத்தாது?”

பெரியவள் தன் பங்குக்கு ஒன்றும் குறை வைக்கவில்லை. “என்னோடது ஒண்ணுமில்லை அத்தை, எல்லாம் சின்னு பண்ணினதுதான்” என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவளுடைய குணத்தை எல்லோரும் மெச்சினார்கள். சின்னவள் கையிலிருந்த பாத்திரத்தை ணங்கென்று வைப்பாள். ‘இவள் பெருமையடித்துக்கொண்டாலாவது திட்டலாம். அதற்கும் வழியில்லாமல் செய்கிறாளே!’

அறைக்குள் போனதும் கணவனிடம் பாய்ந்தாள்.

“அந்தச் சொட்டோட வால் இடது பக்கம் சாஞ்சிருக்கு. கவனிச்சீங்களா?”

“அண்ணியோடதா? நல்லாத்தானே சுத்துது.”

“சுத்துதுன்னா யாரால சுத்துது?”

“உன்னாலதான்.”

“இதை வெளியில போய்ச் சொல்றதுக்கு என்ன?”

“சொன்னேனே. அம்மா, ‘பெண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசறான்’னு சொல்லிட்டாங்க.”

பாராட்டு விழாவுக்கு மேலிடத்துக்காரர் ஒருவர் வந்தார். மேடையில் பெரிய திரை. இயக்குநர் தன் கையாலேயே பக்கத்தைத் திறந்தார். திறந்த மாத்திரத்தில் ஊர்ப் படம் பளிச்சென்று வந்து நின்றது. மேலிடத்துக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“துளி எங்கே?”

இயக்குநர் மறுபடி திறந்தார். மறுபடி படம். மூன்றாம் முறையும் படம். மேலிடத்துக்காரர் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு, எதற்குப் போர்த்துவது என்று தெரியாமல் நின்றார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சின்னவளுக்கு மனம் குளிர்ந்தது. அன்று மதியம் இரண்டு கை சோறு கூடவே சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் அவளை அவசரக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள்.

“படம் ரொம்பச் சீக்கிரமா வருதும்மா” என்றார் இயக்குநர். ஒரு குழந்தையின் காய்ச்சலைப் பற்றிச் சொல்வது போன்ற குரல். “படம்கிறது என்ன? தகவல். தகவல் எங்க வேணாலும் கிடைக்கும். துளிங்கிறது அனுபவம். நம்மகிட்ட வர்றவரு ஒரு நிமிஷம் நின்னு, நாம அவருக்காக உழைக்கிறோம்னு பாத்துட்டுப் போகணும். வந்த உடனே வேலையை முடிச்சு அனுப்பிட்டா ஒரு அலுவலகத்துக்கு என்ன மரியாதை இருக்கு, சொல்லுங்க.”

“இப்ப என்ன செய்யணும் சார்?”

“உங்க பணியாளர் வரைஞ்சு முடிச்சுட்டுக் கொஞ்ச நேரம் கையில வச்சிருக்கட்டும். அப்புறமாக் காட்டட்டும்.”

நிர்வாக அதிகாரி எட்டு விநாடி என்றார். இயக்குநர், மக்கள் நலன் கருதி, ஆறு என்றார்.

அப்போது பெரியவள் எழுந்தாள். “சார், அது வேண்டாம். மழை நாள்ல ஜனங்க படத்துக்காகத்தான் வருவாங்க. சொட்டு தெரியலைன்னா பரவாயில்லை.”

இயக்குநர் நெகிழ்ந்துபோனார்.

“பாத்தீங்களா? தன்னோட படைப்பையே வேண்டாம்னு சொல்ற மனசு. இப்படிப்பட்டவங்களுக்கு எட்டு விநாடியே கொடுக்கணும்.”

எட்டாயிற்று.

சின்னவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். இழைக்குள், வரைந்து முடித்த படத்தை வெளியே விடும் இடத்துக்குச் சற்று முன்னால், ‘காத்திரு’ என்று ஒரு வரி எழுதினாள். ஒவ்வொரு முறை படத்தை நகர்த்தும்போதும் துளி வர வேண்டும் என்று ஆணை இருந்ததால் அங்கேயும் எழுதினாள். கோடையெல்லாம் உட்கார்ந்து ஓடவைத்ததை அவள் கையாலேயே கட்டிப்போட வேண்டியதாயிற்று. அதுவும் யாருக்காக!

அந்த மாதச் சிறந்த ஊழியர் சான்றிதழ் பின்னணிப் பணியாளருக்குக் கிடைத்தது. விடுப்பே எடுப்பதில்லை, மேலதிகாரியை எதிர்த்துப் பேசுவதில்லை, இருக்கையை விட்டு எழுந்து யாரும் பார்த்ததில்லை என்று மேற்பார்வையாளர் பரிந்துரைத்திருந்தார். சான்றிதழைக் கண்ணாடி போட்டு நாற்காலிக்கு மேலே மாட்டினார்கள். காலி நாற்காலியைப் பார்த்து ஒரு மனுஷி பொறாமைப்பட முடியும் என்று சின்னவள் அதற்கு முன்னால் நினைத்ததில்லை.

பிறகு மழை வந்தது. மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில் ஆறு கரையைத் தொட்டது. மதியத்துக்கு முன்னால் பெரியவளின் அப்பாவிடமிருந்து போன் வந்தது. அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், தாழ்வான தெருவில், கீழ்வீட்டில் தனியாக இருந்தார். இடுப்பு எலும்பு முறிந்து தேறிவருகிற மனிதர். கோலூன்றித்தான் நடை. வாசற்படி வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது என்றார். பெரியவள் கணவனின் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். “பெரிய பாலம் வழியா நேராப் போயிடாதீங்கக்கா, படத்தைப் பாத்துட்டுப் போங்க” என்று சின்னவள்தான் சொல்லி அனுப்பினாள்.

சற்று நேரத்தில் சின்னவளின் கைபேசி அடித்தது.

“சின்னு, பெரிய பாலத்துக்கு இந்தப் பக்கம் தண்ணி. வண்டியைத் திருப்பிட்டேன். ஆலை ரோட்டுப் பாலம் வழியாப் போலாமா, இல்லை சந்தைப் பாலம் வழியா? படம் வரமாட்டேங்குது. கொஞ்சம் நகத்தினாலும் சொட்டுதான் சுத்துது. பாத்துட்டு நிமிர்றதுக்குள்ள பின்னாடி வர்றவங்க ஹாரன் அடிக்கிறாங்க. திரும்ப நகத்தினா திரும்பச் சொட்டு.”

மறைப்பானேன்? அந்தக் கணத்தில் சின்னவளுக்குள் ஏதோ ஒன்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது. ‘சுற்றட்டும். உன் துளிதானே, நன்றாகப் பார்.’ இவ்வளவுதான். ஒரு மூச்சு விடுகிற நேரம். அதற்குள் மறுமுனையில் மழைச் சத்தத்துக்கு நடுவே பெரியவள், “அப்பா போனை எடுக்கமாட்டேங்கிறாரு சின்னு” என்றாள். அது வேறு குரல். வீட்டில் ஒருநாளும் கேட்டிராத குரல்.

“இருங்கக்கா. லைன்லயே இருங்க.”

தன் கணினியில் படத்தைப் பார்த்து வழி சொல்லியிருக்கலாம், சொல்லவும் சொன்னாள், “ஆலை ரோடுல போங்க, அங்க இன்னும் தண்ணி ஏறலை.” ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னும் எத்தனை பேர் வண்டியை நிறுத்திவிட்டுத் துளியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? அவர்களுக்கெல்லாம் ஓரகத்தி வாரியத்திலா இருக்கிறாள்? நிரலைத் திறந்தாள். மாற்றம் எதுவானாலும் கூட்டம் கூட்டி அனுமதி பெற வேண்டும் என்பது விதி. ‘காத்திரு’ என்ற வரிகளை அழித்தாள். அப்படியே வெளியிட்டாள்.

“சின்னு, படம் வந்துடுச்சு” என்றாள் பெரியவள். “நகத்த நகத்த வருது.”

பெரியவள் அப்பாவை நனைந்த கோழியைத் தூக்குவது போலத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு இருட்டுவதற்குள் வந்து சேர்ந்தாள். கைபேசியை அலமாரியின் மேலே ஏற்றி வைத்துவிட்டுக் கீழே நின்றுகொண்டிருந்தாராம் கிழவர். ஆலை ரோடு வழியாக அன்று பலர் தப்பி வந்தார்கள்.

தண்ணீர் வடிந்ததும் வாரியத்தில் விசாரணை தொடங்கியது. வெள்ளத்தைப் பற்றி அல்ல. வெள்ளம் இயற்கை. வெள்ள நாளன்று துளி எங்கே போனது என்பதுதான் விசாரணை.

முதலில் மேற்பார்வையாளரைக் கேட்டார்கள். சம்பவ நேரத்தில் பின்னணிப் பணியாளர் தன் இருக்கையில் அமைதியாகவே இருந்தார் என்றும், அவர்மேல் தனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை என்றும் அவர் சொன்னார். குழு அதை ஏற்றுக்கொண்டது.

“அப்படின்னா பணியாளர் மேல தப்பில்லை” என்றார் இயக்குநர். “வேற யாரோ உத்தரவில்லாம பண்ணியிருக்காங்க.”

சின்னவள் இதற்காகவே தயாராக வந்திருந்தாள். பயமாகத்தான் இருந்தது. வேலை போகலாம். ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு தித்திப்பும் இருந்தது. பாராட்டில்தான் தன் பெயர் வரவில்லை, தண்டனையிலாவது வரட்டும். பின்னணியில் வரைந்தது யார், கட்டிப்போட்டது யார், அவிழ்த்துவிட்டது யார் என்று இன்றைக்கு இந்த அறைக்குத் தெரியட்டும். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கப் போனாள்.

“நான்தான் எடுக்கச் சொன்னேன் சார்” என்றாள் பெரியவள், முன்வரிசையிலிருந்து.

எல்லோரும் திரும்பினார்கள்.

“எங்கப்பா தண்ணியில நின்னாரு. சொட்டு சுத்துறதைப் பாத்துட்டு நிக்க முடியலை. அதான் எடுன்னு சொன்னேன். பொறுப்பு என்னோடது.”

இயக்குநர் எழுந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

“முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு தியாகத்தை நான் பாத்ததில்லை. தான் பெத்த துளியைத் தானே எடுக்கச் சொல்றதுன்னா! நானா இருந்தா வெள்ளத்துலகூட என் நாற்காலியை விட்டிருக்க மாட்டேன்.”

அது உண்மை என்று எல்லோருக்கும் தெரியும்.

சின்னவள் எழுந்தே விட்டாள். “சார், எடுத்தது நான். அவங்க எடுக்கச் சொல்லலை. நானாத்தான் அழிச்சேன்.”

“உக்காரும்மா” என்றார் இயக்குநர் அன்பாக. “மூத்தவங்க செஞ்சதுல பங்கு கேக்கக் கூடாது. அவங்களைப் பாத்துக் கத்துக்கணும்.”

விசாரணை முடிவில், மழைக்காலத்தில் துளி ஓய்வெடுக்கும் என்றும் மற்ற நாட்களில் எட்டு விநாடி சுற்றும் என்றும் ஆணை வந்தது. பெரியவள் துணை இயக்குநர் ஆனாள். அவளுக்கு வாழ்த்துச் சொல்ல எல்லாப் பிரிவினரும் வரிசையில் நிற்க வேண்டும் என்று சுற்றறிக்கை. சின்னவளும் நின்றாள். அவளுக்கு முன்னால், காலி நாற்காலியின் சார்பாக, மேற்பார்வையாளர் பூங்கொத்தோடு நின்றார்.

சாயங்காலம் இருவரும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்தார்கள். சேறு காய்ந்து தெரு வெடித்துக் கிடந்தது.

“ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?”

“உன்னைத் தூக்கிடுவாங்கன்னு பயந்துட்டேன் சின்னு. என்னைன்னா யோசிப்பாங்க. நீ போயிட்டா படத்தை யாரு வரையறது? நம்ம இயக்குநர் ஒருத்தரை நாற்காலியில உக்கார வச்சிருக்காரே, அவரா?”

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரித்தால் இத்தனை நாள் சேர்த்துவைத்தது சிந்திவிடும். அவளுக்கு ஒரே ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. அது மட்டும் கிடைத்தால் துணை இயக்குநர் பதவியைக்கூட மன்னித்துவிடுவாள்.

“உண்மையைச் சொல்லுங்கக்கா. நான் உள்ள உக்காந்து எதையோ பண்றேன், எல்லாம் ஓடுது. உங்களால அது முடியாது. என்மேல உங்களுக்குக் கொஞ்சங்கூடப் பொறாமையா இருந்ததில்லையா?”

பெரியவள் நின்று, நெற்றியைச் சுருக்கி, நேர்மையாக யோசித்துப் பார்த்தாள்.

“இல்லியே சின்னு” என்றாள். “ஏன், இருக்கணுமா?”

சின்னவள் நடையை எட்டிப் போட்டாள். பெரியவள் பாராட்டை எடுத்துக்கொண்டாள், இவள் பொறுத்தாள். பதவியை எடுத்துக்கொண்டாள், பொறுத்தாள். இவள் செய்த குற்றத்தைக்கூட ஒருத்தி எடுத்துக்கொண்டாள், அதையும் பொறுத்தாயிற்று. பொறாமையே இல்லாத ஒருத்தியோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அதை எப்படிப் பொறுப்பது என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை.